ராபர்ட்ஸ் போட்ட பட்டியலும் ஹைஃபா குதிரைகளும்

'1917' படம் பார்த்தவர்களுக்கு அந்த லாரிக் காட்சி நினைவிருக்கும். சேற்றில் சக்கரம் புதைந்துபோகிறது, உள்ளே இருக்கும் சிப்பாய்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் தலைப்பாகை கட்டிய சீக்கியர் ஒருவர். படத்தில் அவர் வருவது சில நிமிடங்கள்தான். 2020 ஜனவரியில் பிரிட்டிஷ் நடிகர் லாரன்ஸ் ஃபாக்ஸ் அந்தச் சில நிமிடங்களைப் பிடித்துக்கொண்டார். சீக்கியர்கள் போரில் இருந்தார்களா இல்லையா என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லையாம். ஆனால் அந்த இடத்தில் அந்தச் சீக்கியரைப் பார்த்ததும் படத்திலிருந்து கவனம் சிதறியதாம். வாங்கிக் கட்டிக்கொண்டு பிறகு மன்னிப்பும் கேட்டார்.

அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் பேசாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. படத்தின் கதை நடப்பது 1917 ஏப்ரல் 6. பிரான்ஸில் இருந்த இந்தியக் காலாட்படைகள் 1915 முடிவதற்குள்ளாகவே அங்கிருந்து மெசபொடேமியா பக்கம் அனுப்பப்பட்டுவிட்டன. குதிரைப்படைகள் மட்டும் 1918 தொடக்கம் வரை பிரான்ஸில் இருந்தன. ஆகவே பிரிட்டிஷ் காலாட்படை லாரியில் தனியாக ஒரு சீக்கியச் சிப்பாய் என்பது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்றைய தேதியில் பிரான்ஸ் மண்ணில் இந்தியர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஃபாக்ஸுக்கு உறுத்தியது ராணுவப் பதிவேடு இல்லை, முகம்.

எனக்கு உறுத்தியது வேறு. படத்தின் பெயர்ப் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயர் 'சிப்பாய் ஜோண்டலார்'. நான் கேள்விப்பட்ட சீக்கியர் யாருக்கும் இப்படி ஒரு பெயர் இல்லை. ஓர் அமெரிக்க நாவல் வரிசையில், பனியுகக் காலத்துக் கதாநாயகனுக்கு இந்தப் பெயர் உண்டு. பித்தான், துப்பாக்கி, பதுங்குகுழியின் ஆழம் எல்லாவற்றையும் ஆராய்ச்சி செய்து எடுத்த படம். அந்த ஆளின் பெயரை மட்டும் ஒரு சர்தார்ஜியிடம் கேட்டுச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மைசூரில் உட்கார்ந்துகொண்டு இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, வருகிறேன். அதற்கு முன் 'டன்கிர்க்'.

2017இல் இயக்குநர் நோலன் எடுத்த அந்தப் படத்தில் இந்திய முகமே இல்லை என்று பேச்சு கிளம்பியது. 1940இல் டன்கிர்க் கடற்கரையில் இந்தியர்கள் இருந்தார்கள். கோவேறு கழுதைகளோடு பிரான்ஸுக்கு அனுப்பப்பட்ட நான்கு போக்குவரத்துக் கம்பெனிகள். அவற்றில் ஒன்று ஜெர்மானியரிடம் சிக்கியது, மற்றவர்கள் கப்பலேறித் தப்பினார்கள். மொத்தப் படையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண்ணிக்கை. அதனால் விட்டுவிட்டது பெரிய குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தக் கம்பெனிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபி முஸ்லிம்கள். நோலன் மனது வைத்து ஓர் இந்தியரைச் சேர்த்திருந்தால் யாரைச் சேர்த்திருப்பார்? என் பந்தயம், தலைப்பாகையும் தாடியும்தான். மேற்கத்திய சினிமாவில் இந்தியச் சிப்பாய்க்கு அந்த ஒரே முகம்தான்.

இந்த ஒரே முகம் தானாக வந்ததில்லை. அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது, பட்டியலைப் போட்டவர்களில் முக்கியமானவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதி. பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதி. வடக்கே இருப்பவர்கள் போர்க்குணம் உள்ள இனங்கள், தெற்கே இருப்பவர்கள் சண்டைக்கு லாயக்கில்லாத மெல்லியவர்கள் என்பது அவர் முடிவு. கூர்க்கா, சீக்கியர், பட்டாணியர், பஞ்சாபி முஸ்லிம், டோக்ரா, ராஜபுத்திரர் உள்ளே. தமிழர், தெலுங்கர் எல்லாம் வெளியே. கிளைவ் காலத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆற்காட்டிலும் வந்தவாசியிலும் செத்தவர்கள் இந்த மெல்லியவர்கள்தான் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 1857 கலகத்தில் மதராஸ் படை பெரும்பாலும் கிளம்பவில்லை, பஞ்சாப் ஆட்கள் வெள்ளைக்காரனுக்குத் துணை நின்றார்கள். அந்த அரசியல் கணக்கை அப்புறம் இன அறிவியல் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, 1920களில் மிச்சமிருந்தவையும் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. இடையில் நம் பெயரைக் காப்பாற்றியது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள். ராணுவத்தில் அவர்களைத் 'தம்பி' என்றே கூப்பிடுகிறார்கள். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் தம்பிகளின் வேலை. பாலம் கட்டுகிறவனைப் பற்றி யார் படம் எடுக்கிறார்கள்? நம் ஊரில் 'கேப்டன் மில்லர்' கொஞ்சம் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது. வெள்ளைக்காரன் படையில் சேரும் தமிழன், சாதிக்குத் தப்ப சீருடை போடுகிறவன் என்ற தொடக்கம் அருமையாக இருந்தது. பிறகு துப்பாக்கிச் சத்தத்தில் அந்த நூல் அறுந்துபோனது.

என் கட்சி இதுதான். ராபர்ட்ஸின் பட்டியல் ராணுவத்தில் என்றைக்கோ செத்துப்போயிற்று. சினிமாவில் நடிகர் தேர்வுப் பட்டியலாக இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹாலிவுட்டில் மட்டும் இல்லை, மும்பையிலும்.

அமெரிக்காவில் கறுப்பினச் சிப்பாய்களுக்கும் இப்படி ஒரு தாள் எழுதப்பட்டது. 1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கை, கறுப்பர்களுக்குத் தைரியம் கிடையாது, தலைமை தாங்கும் மூளை கிடையாது என்கிற மாதிரியான முடிவுகளை ஆராய்ச்சி என்ற பெயரில் அடுக்கியது. அதைப் பொய்யாக்கியவர்கள் டஸ்கீகியில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகள். அவர்களைப் பற்றிய 'ரெட் டெய்ல்ஸ்' படம் 2012இல் வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ்தான் தயாரிப்பாளர். எல்லாரும் கறுப்பர்களாக இருக்கும் படத்துக்கு வெளிநாட்டில் வியாபாரம் இல்லை என்று ஸ்டுடியோக்கள் கைவிரித்துவிட்டதாக அவரே தொலைக்காட்சியில் சொன்னார். கடைசியில் சொந்தக் காசைப் போட்டு எடுத்தார். லூகாஸுக்கே இந்தக் கதி.

ஆனால் இந்த விமானிகள் கதையில் ஒரு முள்ளும் இருக்கிறது. தாங்கள் பாதுகாத்துக்கொண்டு போன குண்டுவீச்சு விமானம் ஒன்றைக்கூட அவர்கள் எதிரியிடம் இழக்கவில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க விமானப்படையின் வரலாற்றாய்வாளர் டேனியல் ஹால்மன் பழைய அறிக்கைகளைத் தோண்டிப் பார்த்து, இருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் விழுந்திருக்கின்றன என்று காட்டினார். மற்றப் படைகளோடு ஒப்பிட்டால் அதுவும் நல்ல கணக்குதான். அவமானப்படுத்தப்பட்டவர்களின் பெருமையைச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ஆசை யாருக்கும் வரும். எதிரி காத்திருப்பதும் அதற்குத்தான். ஒரு பொய்யைப் பிடித்துவிட்டால் மிச்சம் எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடலாம்.

இந்த வகைப் படங்களில் நான் அதிகம் மதிப்பது 1989இல் வந்த 'குளோரி'. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாசசூசெட்ஸின் 54ஆம் படைப்பிரிவு. சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள். 1863 ஜூலை 18இல் வாக்னர் கோட்டையின் மேல் அவர்கள் நடத்திய தாக்குதலில்தான் படம் முடியும். டென்சல் வாஷிங்டனுக்கு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்த படம்.

பிழை பார்ப்பவர்களுக்கு அதில் தீனி நிறைய. படத்தில் கோட்டையை நோக்கி ஓடும்போது கடல் அவர்களுக்கு இடப்பக்கம் இருக்கும். உண்மையில் வலப்பக்கம். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. கேமராவை வைக்க வசதி எங்கேயோ அங்கே கடல் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் டென்சல் பாத்திரத்தைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கும் காட்சி இருக்கிறதே, படத்திலேயே எல்லாரும் பேசும் காட்சி, அது வேறு சங்கதி. அமெரிக்கப் படையில் 1861இலேயே சவுக்கடி ஒழிக்கப்பட்டுவிட்டது. படம் அந்தச் சிப்பாய்களைப் பெரும்பாலும் தப்பி வந்த அடிமைகளாகக் காட்டுகிறது. நிஜப் படைப்பிரிவில் பெரும்பாலோர் வடக்கு மாநிலங்களில் சுதந்திரமாகப் பிறந்து வளர்ந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர். ஃபிரெடரிக் டக்ளஸின் இரண்டு மகன்கள் அதில் சேர்ந்தார்கள், மூத்தவர் லூயிஸ் சார்ஜண்ட் மேஜர். படத்தில் டக்ளஸ் வருவார், மகன்கள் வரமாட்டார்கள். மகன்கள் வந்தால், படித்த கறுப்பு இளைஞன் தானாக முடிவெடுத்துப் போருக்குப் போகிறான் என்று ஆகும். அப்புறம் படைப்பிரிவின் வெள்ளைத் தலைவர் கர்னல் ஷா ஒன்றும் தெரியாதவர்களை ஆளாக்குகிறார் என்ற கதை நிற்காது.

சம்பளக் கதையும் அப்படித்தான். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பனுக்கு 10, அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். படத்தில் சிப்பாய்கள் சம்பளச் சீட்டைக் கிழிக்க, ஷாவும் கிழிக்க, ஒரே காட்சியில் விஷயம் உணர்ச்சிகரமாக முடிந்துவிடும். நிஜத்தில் அவர்கள் ஒரு காசுகூட வாங்காமல் ஒன்றரை ஆண்டு இருந்தார்கள். வித்தியாசத்தை மாநில அரசே ஈடுகட்டுகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றார்கள். அந்தச் சமயத்தில் ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1864 ஜூனில்தான் சம ஊதியச் சட்டம் வந்தது. ஷா அதற்குள் வாக்னர் கோட்டை மணலில் புதைக்கப்பட்டு ஓராண்டு ஆகப்போகிறது. ஆக, அந்தப் போராட்டத்தின் பெரும்பகுதி அவர் இல்லாமலேயே நடந்தது. படத்தில் அது அவர் பக்கத்தில் நடக்கும் சின்னச் சம்பவம்.

சரி, இப்போது மைசூர்.

1918 செப்டம்பர் 23. பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகம். ஒரு பக்கம் கார்மல் மலை, மறுபக்கம் கிஷோன் ஆறும் அதன் புதைமணலும். நடுவில் ஒடுங்கிய வழி. மலைமேல் துருக்கி, ஆஸ்திரிய, ஜெர்மன் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும். தாக்க வந்தது 15ஆம் இம்பீரியல் சர்வீஸ் குதிரைப்படைப் பிரிகேடு, அதாவது ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் சமஸ்தானங்களின் குதிரைப்படைகள். பிரிகேடியர் ஜெனரல் ஹார்போர்டு தலைமை. மைசூர் லான்சர்களில் ஒரு ஸ்குவாட்ரனைச் சுற்றுவழியாகத் தெற்கிலிருந்து கார்மல் மலைமேல் ஏறச் சொன்னார்கள். பிரிட்டிஷ் ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் ஸ்குவாட்ரன் ஒன்றும் துணைக்குப் போயிற்று. ஆளும் சுமையும் முதுகில் இருக்க அந்தச் செங்குத்தில் ஏறிய குதிரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 2 மணிக்குக் கீழே ஜோத்பூர் லான்சர்கள் பாய்ந்தார்கள். ஆற்றங்கரைப் புதைமணலில் முன்னணிக் குதிரைகள் சிக்கின. இடப்பக்கம் திரும்பி மலைச்சரிவின் இயந்திரத் துப்பாக்கிகளைப் பிடித்து வழியைத் திறந்தார்கள். அவர்கள் பின்னால், அதுவரை சுட்டு ஆதரவு கொடுத்துக்கொண்டிருந்த மைசூர் வீரர்களும் குதிரையேறி ஊருக்குள் நுழைந்தார்கள். ஜோத்பூரின் மேஜர் தல்பத் சிங் ஷெகாவத் குண்டடிபட்டு இறந்தார். மாலைக்குள் ஹைஃபா விழுந்தது.

பிடிபட்டவர்கள் 1,350 பேர், 17 பீரங்கிகள், 11 இயந்திரத் துப்பாக்கிகள். நம் தரப்பில் இறந்தவர்கள் 8, காயம்பட்டவர்கள் 34. குதிரைகளில் 60 செத்தன, 83 காயம்.

தென்னாட்டு ஆட்களை மெல்லியவர்கள் என்று ராபர்ட்ஸ் எழுதிவைத்த அதே பேரரசுக்காக, ஒரு தென்னாட்டுச் சமஸ்தானத்தின் குதிரைப்படை கார்மல் மலை ஏறியிருக்கிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விவரம். பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதுவரை இந்தியன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வெள்ளை லெஃப்டினன்டுக்குக் கீழேதான். சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரிக் கதவு இந்தியருக்குத் திறந்ததே 1918இல்தான். சமஸ்தானப் படைகளில் அப்படி இல்லை. பிரிட்டிஷ் ஆலோசகர்கள் கூட இருந்தாலும் படைக்குச் சொந்த அதிகாரிகள் இந்தியர்கள். இந்தியன் உத்தரவு கொடுக்க, இந்தியர்கள் பாய்ந்த சண்டை இது. 'குளோரி'க்குக் கிடைக்காத வசதி. வெள்ளை ஷா ஒருவரை நடுவில் நிறுத்தாமலேயே கதை சொல்லலாம்.

யாராவது சொன்னார்களா? 1917 அக்டோபர் 31இல் பேர்ஷேபாவில் பாய்ந்த ஆஸ்திரேலியக் குதிரைவீரர்களுக்கு 1940இல் ஒரு படம், 1987இல் இன்னொரு படம். அதே போர்முனையைக் காட்டும் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் டமாஸ்கஸ் விழுவது அரேபியர்களாலும் ஒரு பொன்முடி ஆங்கிலேயராலும். பிரிட்டிஷ் தளபதி ஆலன்பியின் குதிரைப்படையில் பெரும்பங்கு இந்தியர்கள் என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியாது. அதில் ஐ.எஸ். ஜோஹர் என்ற இந்தி நடிகர் நடித்திருக்கிறார், ஆனால் அரேபியராக! தலைப்பாகை கட்டிய இந்தியரைத் தேடித் தேடிச் சேர்க்கும் இன்றைய ஹாலிவுட்டுக்கும், இந்திய நடிகரைக் கூட்டிவந்து இந்தியனை விட்டுவிட்ட அன்றைய ஹாலிவுட்டுக்கும் நடுவில் அறுபது வருடம்.

நாமே சொல்லும் விதம் இன்னும் சுவாரசியம். 2018 ஜனவரியில் இஸ்ரேல் பிரதமர் டெல்லி வந்தபோது தீன் மூர்த்தி சதுக்கத்துக்கு ஹைஃபா பெயரைச் சேர்த்தார்கள். அங்கே நிற்கும் மூன்று வெண்கலச் சிப்பாய்கள் ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் படைகளின் நினைவாக 1922இல் வைக்கப்பட்டவர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் வாட்ஸ்அப்பில் ஹைஃபா வருகிறது. வரும்போது, இறந்த எட்டுப் பேர் நாற்பத்து நாலு ஆகியிருக்கும். உலக வரலாற்றின் கடைசிக் குதிரைப்படைப் பாய்ச்சல் என்று இருக்கும். (1942இல் ரஷ்யாவில் இத்தாலியர்கள் பாய்ந்தார்கள், பர்மாவில் நம் ஆட்களே பாய்ந்தார்கள்.) வெறும் ஈட்டியும் வாளும் மட்டும் வைத்துக்கொண்டு ஜெயித்ததாக இருக்கும். பிரிகேடுக்குப் பீரங்கி ஆதரவும் இருந்தது, இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. ஈட்டி மட்டும் என்றால் படிக்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கூடவே இன்னொரு கதையும் ஒட்டிக்கொண்டு வரும். நிஜாமின் ஹைதராபாத் படையில் முஸ்லிம்கள் அதிகம், துருக்கிக் கலீஃபாவுக்கு எதிராக அவர்கள் சண்டை போடமாட்டார்கள் என்பதால் ஒதுக்கிவைத்தார்கள் என்று. கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் மைசூர் லான்சர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். மராட்டியர்கள், அரச குடும்பத்தார், முஸ்லிம்கள் என்று கலந்துதான் அந்தப் படை. அவர்களில் யாரும் கலீஃபாவை நினைத்துக் குதிரையை விட்டு இறங்கிவிடவில்லை. இந்த ஒரு விவரத்தால் வாட்ஸ்அப் கதை ஆட்டம் காணும், அதனால்தான் அந்தக் கதையில் மைசூர் ஒரு பெயராக மட்டும் வந்துவிட்டுப் போகிறது. ஜோத்பூருக்குத் தல்பத் சிங் என்ற முகம் இருக்கிறது, மீசை இருக்கிறது. ராபர்ட்ஸின் பட்டியலில் ராஜபுத்திரர் இருக்கிறார்.

மைசூர் லான்சர்களின் நினைவுத்தூண் பெங்களூரு ஜே.சி. நகரில் இருக்கிறது. அந்தப் படையின் மிச்சம் 1953இல் 61ஆம் குதிரைப்படையோடு சேர்ந்து ஜெய்ப்பூருக்குப் போய்விட்டது. ஹைஃபா தினத்தை அவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். மைசூரில் என்ன இருக்கிறது என்றால், தசரா பன்னிமண்டபத் தீப்பந்த அணிவகுப்பில் குதிரைப் போலீஸ்காரர்கள் நாலுகால் பாய்ச்சலில் வந்து தரையில் அடித்த முளையை ஈட்டியால் குத்தித் தூக்கும் ஆட்டம் இருக்கிறது. இருட்டில் முளை எரிந்துகொண்டே மேலே போகும். கூட்டம் கத்தும். பழைய லான்சர் பயிற்சியின் வாரிசு அது என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம். நான் இருந்தபோது சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அரண்மனைக்குள். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் அண்ணாந்து மயில் கண்ணாடிக் கூரையையும் கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்களையும் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். சுவரைப் பாருங்கள். 1930களிலும் 40களிலும் அரண்மனை ஓவியர்கள் வரைந்த 26 தசரா ஊர்வல ஓவியங்கள். புகைப்படங்களை வைத்து வரைந்தவை. போன விடுமுறையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த அக்கா மகனோடு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் அங்கே நின்றேன். அவன் முதலில் யானையைப் பார்த்தான். அப்புறம் ஊர்வலத்தில் நடக்கும் சிப்பாய்களுக்கு நேராகப் போய் மூக்கை வைத்துக்கொண்டான்.

"மாமா, ஒருத்தன் மாதிரி இன்னொருத்தன் இல்ல."

உண்மைதான். ஒருவருக்குத் தொங்கிய மீசை, ஒருவருக்குக் கன்னம் ஒட்டியிருக்கிறது, ஒருவர் ஓவியரைப் பார்க்கிறார், ஒருவர் எரிச்சலாக எங்கேயோ பார்க்கிறார். நிறமும் ஒரே பழுப்பு இல்லை. கறுப்பு, மாநிறம், சிவப்பு எல்லாம் உண்டு. சாதாரணச் சிப்பாய்க்கு இவ்வளவு மரியாதை கொடுத்த போர்ப்படம் நான் பார்த்ததில்லை, இத்தனைக்கும் அது போர்ப்படமே இல்லை.

மறுநாள் அவனை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் பாகுக்குக் கூட்டிப்போனேன். மேற்குச் சுவர் முழுக்கப் பொள்ளிலூர்ப் போர். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நம் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைத் துடைத்தெறிந்த சண்டை. வெற்றி பெற்றவன் வரையச் சொன்ன படம் என்பதால் நகைச்சுவைக்குக் குறைவில்லை. பல்லக்கில் பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தாமதமாக வரும் நிஜாமைப் பசுவோடும் பன்றியோடும் சேர்த்துக் கிண்டல் செய்திருக்கிறார்கள். சிவப்புக் கோட்டுப் படையினர் சதுரமாக நிற்கிறார்கள், அச்சில் வார்த்த முகங்கள். வெள்ளைக்காரன் நம்மை வரைவதுபோல நாமும் அவனை ஒரு தடவை வரைந்திருக்கிறோம் என்று எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. ஆனால் பெய்லியின் படையில் பெரும்பாலோர் வெள்ளையர்களே இல்லை. தமிழும் தெலுங்கும் பேசிய மதராஸ் சிப்பாய்கள். காஞ்சிபுரம் பக்கத்து வயலில் சுற்றி வளைக்கப்பட்டுச் செத்தவர்களில் அந்த மாவட்டத்துக்காரர்களே இருந்திருப்பார்கள். பெய்லிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே, திப்புவின் சமாதியான கும்பஸுக்குப் பக்கத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களுக்குப் பெயர்கூட இல்லை.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் லண்டன்காரர்கள் பதிலுக்குப் படம் போட்டார்கள். ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் 120 அடி நீளத்தில் கோட்டைத் தாக்குதலை வரைந்து, 1800இல் லைசியம் அரங்கில் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சினிமா பிறப்பதற்கு நூறு வருஷம் முந்திய போர்ப்படம், வசூலும் அமோகம்.

திப்புவின் கதை மறுபடி மைசூருக்கே படப்பிடிப்பாக வந்தது. சஞ்சய் கானின் 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்' தொடர். 1989 பிப்ரவரி 8 இரவு பிரீமியர் ஸ்டுடியோவில் தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். இங்கே பழைய ஆட்களிடம் அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டால் கதையைச் சொல்லமாட்டார்கள், அந்த இரவைத்தான் சொல்வார்கள். தொடர் ஒளிபரப்பானபோது, அது வரலாறு இல்லை, நாவலைத் தழுவியது என்று அறிவிப்புப் போட வேண்டியிருந்தது. நீதிமன்றம் வரை போன சண்டை. இதுபோல அறிவிப்புப் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நம் தயாரிப்பாளர்கள் அன்றிலிருந்து பழகிக்கொண்டார்கள்.

'கேசரி'யில் 1897 சாராகடிச் சீக்கியர்கள் காக்கித் தலைப்பாகைக்குப் பதில் காவியில் வந்தது அப்படித்தான். அதைப் பெரிதாகப் பேச மனமில்லை. 'அமரன்' வந்தபோது நம் ஊரில் நடந்த விவாதம் இன்னும் சிக்கல். மேஜர் முகுந்த் வரதராஜனின் சாதியை மறைத்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம், காஷ்மீரி முஸ்லிம்களைக் காட்டிய விதம் சரியில்லை என்று ஒரு கூட்டம். தமிழன், இந்தியன் என்ற அடையாளம் போதும் என்று குடும்பமே கேட்டுக்கொண்டதாக இயக்குநர் சொன்னார். குடும்பம் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கேட்க நமக்கு என்ன உரிமை? காஷ்மீரிகள் விஷயம் அப்படி இல்லை. படத்தில் நாயகனின் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும் குணம் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் கூட்டம் என்ற ஒரே வேடம்தான். ரெசாங் லா போரைப் பற்றிய '120 பகதூர்' படத்தில் தகராறு நேரெதிர்த் திசையில் வந்தது. செத்தவர்கள் பெரும்பாலும் அஹீர்கள், ஆனால் படம் முழுக்க அவர்களுக்குத் தலைமை தாங்கிய மேஜரைச் சுற்றியே என்று அந்தச் சமூகத்தார் தெருவுக்கு வந்தார்கள். சாதிப் பெருமைக்காக வந்த கூட்டம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 54ஆம் படைப்பிரிவின் பேரப்பிள்ளைகள் 'குளோரி'யைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் அதுதானே.

ஹைஃபாவை யாராவது ஒருநாள் படமாக்கத்தான் போகிறார்கள், அதற்கான அரசியல் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயம் அந்தக் காற்றைப் பார்த்துத்தான். யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்று அந்தப் படம் கேட்குமா? 1914இல் போர் நிதிக்கு 50 லட்சம் ரூபாய் கொடுத்த மைசூர் மகாராஜா, வெள்ளைக்காரனின் வரைபடத்துக்காக இன்னொரு பேரரசிடமிருந்து ஓர் ஊரைப் பிடித்துக் கொடுத்த படை, பிடித்த பிறகு அந்த ஊரில் இருந்த அரபு மக்களுக்கு வந்த முப்பது வருட பிரிட்டிஷ் ஆட்சி, அதன் பின்னால் வந்தவை எல்லாம் கதைக்குள்தான் இருக்கின்றன. விடுதலை என்று ஒரே வார்த்தையில் அட்டையில் போட்டுவிட்டால் படம் சுலபமாகிவிடும், வரிவிலக்கும் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் கதையைக் கார்மல் மலைமேல் ஏறும் ஸ்குவாட்ரனிலிருந்து தொடங்கச் சொல்வேன். கன்னடமும் தக்கினி உருதும் மராட்டியும் கலந்து பேசும் ஆட்கள், சப்டைட்டிலோடு. பாறையில் லாடம் வழுக்கும் சத்தம். மேலே இருக்கும் துருக்கிச் சிப்பாய் தொழுகைக்கு நின்றால் கீழே இருக்கும் மைசூர் முஸ்லிம் என்ன நினைத்தான் என்று ஒரு காட்சி. அதை வசனமில்லாமல் எடுக்கத் தெரிந்த இயக்குநர் கன்னடத்திலும் இருக்கிறார், தமிழிலும் இருக்கிறார். நடிகர்களுக்கு மண்டியா, சாமராஜநகர் பக்கம் போகலாம். ஜிம்மில் வளர்த்த தாடி வேண்டாம். எட்டுப் பேர் செத்தார்கள் என்றால் எட்டுப் பேர் மட்டும் சாகட்டும். ஆனால் அந்த எட்டுப் பேரும் சாவதற்கு முன்னால் அவர்கள் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறுபது குதிரைகள் செத்ததையும் காட்டியே ஆகவேண்டும், விலங்கு நல வாரியத்தின் அனுமதியோடு.